வியாழன், பத்தேகால்

அவளை எனக்குப் பிடிக்காது.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு இதை யாரும்
நன்றிக்கடன் என்று எண்ணிவிடக் கூடாது.

சாட்ஸ்வொர்த் கோர்ட்டுக்குப் பின்னால்
மூன்றாம் எண் அறை.
மேசைக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் மிஸஸ் சோண்டி.
சட்டப் புத்தகம் அலமாரியில் இருந்தது.
அவள் நம்பியது மூக்கை.

"மிஸ்டர் படையாச்சி, ஊதுங்கள்" என்பாள்,
மெழுகுவர்த்தி அணைக்கச் சொல்வதுபோல.
முந்தாநாள் குடித்த கரும்புச் சாராயமும்
அவளிடம் தப்பாது.
ஒருமுறை
இருமல் மருந்து என்று சத்தியம் செய்தேன்.
அந்தச் சத்தியத்தைப் பதினோரு நாள்
வெஸ்ட்வில் சிறைக் கஞ்சியில்
கரைத்துக் குடித்தேன்.

இன்னொருமுறை என் விரலைப் பார்த்தாள்.
மோதிரம் எங்கே?
அடகில், என்றேன்.
எழுதவில்லை. பேனாவை மூடினாள்.
ஜன்னலுக்கு வெளியே
ஒரு டாக்ஸி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது,
அது நிறைந்து கிளம்பும்வரை
இருவரும் அதையே பார்த்தோம்.
அந்த நான்கு நிமிடத்தை
எந்த அறிக்கையில் சேர்த்தாளோ.

மார்ச்சிலிருந்து பெட்டி.
மாலில், லாட்டரிக் கவுண்டருக்கும்
பொரித்த கோழிக்கும் நடுவில்.
பெருவிரல் வை. தொப்பி எடு. முகம் காட்டு.
வீடு மாறியதா? இல்லை.
வேலை மாறியதா? இல்லை.
போலீஸோடு ஏதேனும்? இல்லை.
மூன்று இல்லைக்கு ஒரு பச்சை.
முழுதாக நாற்பது விநாடி.

அதிர்ஷ்டக்காரன் நீ என்கிறான்
மச்சினன் ரங்கசாமி.
உண்மைதான்.
வியாழன் தோறும் அரைநாள் கூலி மிச்சம்.
முதல் பாட்டிலை
அந்த மிச்சத்தில்தான் வாங்கினேன்.

மூன்றாம் வாரம்
வேண்டுமென்றே குடித்துவிட்டுப் போனேன்.
கண்ணாடிக்கு மிக அருகே குனிந்து
ஊதினேன்.
பனி படர்ந்தது. அந்தப் பனிக்குள்ளும்
என் கண்களுக்கு நடுவிலுள்ள தூரத்தை
சரியாக அளந்தது பெட்டி.
நன்றி, படையாச்சி கே.
பச்சை.

போன வாரம் கரண்ட் போயிற்று.
யாரோ கேபிளை அறுத்துவிட்டார்களாம்.
வரிசையில் நின்ற ஒன்பது பேரும்
என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
நான் உள்ளே போனதும் செம்புக்குத்தான்.
நான் இல்லை, என்றேன். சிரித்தார்கள்.
ஜெனரேட்டர் கோழிக்கு மட்டும் ஓடியது.
அன்று ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை.
மூன்று மணி நேரம் நின்றேன்
இருண்ட பெட்டியின் எதிரே,
தொப்பியைக் கையில் பிடித்தபடி.

மாலையில் செய்தி வந்தது:
தாங்கள் வரவில்லை.

குடித்துப் போன நாளெல்லாம் வந்தவன்,
குடிக்காமல் நின்ற நாளில் வராதவன்.
இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று
மூன்றாம் எண் அறைக்குப் போனேன்.
கதவு திறந்தே கிடந்தது.
உள்ளே பெட்டிகள் வந்திறங்கிய அட்டைகள்,
வெள்ளை நுரைத் துண்டுகள்.
என் நாற்காலி அங்கேயே இருந்தது,
அதன்மேல் ஒரு பெயின்ட் டப்பா.

சோண்டி பைன்டவுனில், என்றான் காவலாளி.
திரை முன்னால் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள்.
ஆயிரத்து இருநூறு பேர் அவளுக்கு,
பெயர்கூட இல்லை, எண்தான்.
ஒரே எண்ணுக்கு மூன்று சிவப்பு விழுந்தால்
அவளே கூப்பிட்டுப் பேசுவாளாம்.

இன்று வியாழன், பத்தேகால்.
பெருவிரல் வைத்தாயிற்று. முகம் காட்டியாயிற்று.
வீடு மாறியதா?

வீடு அதே வீடுதான்.
அலமாரியில் அவள் பக்கம்
ஹேங்கர்கள் மட்டும் தொங்குகின்றன,
குழந்தையின் பிரஷ்ஷும் போய்விட்டது.
இதற்கு ஆமா, இல்லையா?

பின்னால் நிற்பவன் செருமுகிறான்.
ஒரு சிவப்பு ஏற்கெனவே விழுந்திருக்கிறது.
இன்னும் இரண்டு.